கண்ணிவெடியில் பட்டான் கல்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வில்லை வளைத்தபடி ஒருவன். உடம்பில் அம்பு தைத்திருக்க வாளை ஓங்கியபடி ஒருவன். காலடியில் கிண்டியும் சிமிழுமாக இன்னொருவன். முதல் முறை போகிறவர்கள் சிற்பத்தைத்தான் பார்ப்பார்கள்; நானும் அப்படித்தான். வட்டெழுத்து வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் உடன் வந்த நாளில்தான் அந்தக் கற்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்தது. ஏறத்தாழ எல்லாக் கல்லிலும் ஒரே அமைப்பில் ஒரு வாக்கியம். இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு, இன்ன ஊர்த் தொறு, அதாவது மாட்டு மந்தை, கவரப்பட்ட ஞான்று, இன்னாருடைய சேவகன் இன்னான் பட்டான், அவன் கல். அவ்வளவுதான்.

'பட்டான்' என்றால் போரில் விழுந்து இறந்தான் என்று பொருள். இன்றைய பேச்சில் இந்தச் சொல் தனியாக நிற்பது அரிது. அடிபடும், கண்ணில் படும், கஷ்டப்படும். 1,400 ஆண்டுகளுக்கு முன் அது தன்னந்தனியாக நின்று ஒரு மனிதனின் முடிவை முழுதாகச் சொன்னது.

தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலம் செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம். காரணம் எளியது. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று பலருடைய எல்லைகள் உரசிக்கொண்ட இடம் இது. மழை குறைந்த மேய்ச்சல் காடு, மாடுதான் சொத்து. எதிரியின் மாட்டை ஓட்டிக்கொண்டு போவது போரின் முதல் படி. ஆகவே மாட்டுக்காக ஆள் செத்தார்கள், செத்தவர்களுக்குக் கல் எழுந்தது. இந்தக் கற்களில் ஒன்று என்னை நெடுநாள் யோசிக்க வைத்திருக்கிறது. மாட்டை மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு, கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. இரண்டிலும் வாக்கியம் ஒன்றுதான். யார் பக்கம் நியாயம் என்று கல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வெளிநாட்டுப் பணியில் இருக்கும்போது சாலையோரக் குண்டில் இறந்த படைவீரர்களுக்காக அழுவது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்ற கேள்விக்கு, இந்தக் கற்களின் வழியாகப் போனால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

ஊதல் ஊதாத வெடி

அந்தக் குண்டுக்குத் தமிழில் கண்ணிவெடி என்று பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். கண்ணி என்பது காடை, கவுதாரிக்கு வைக்கும் சுருக்கு. வில்லுக்கும் வாளுக்கும் எதிரில் ஒரு முகம் வேண்டும். கண்ணிக்குத் தடம் மட்டும் போதும். எந்த வழியாக வரும் என்று தெரிந்தால் வைத்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் இதைவிட நெருக்கமான உவமை ஒன்று இருக்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோரங்களில் உள்ளவர்களுக்கு அவுட்டுக்காய் என்றால் தெரியும். காட்டுப்பன்றிக்காகத் தின்பண்டத்துக்குள் பொதிந்து வைக்கும் நாட்டு வெடி. அதை யானை கடித்துவிட்டால் தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல், பல நாள் அலைந்து விழும். வைத்தவன் நினைத்தது பன்றியை. சாலையோரக் குண்டிலும் இதே கதைதான். ராணுவ வண்டிக்கு வைத்ததன் மேல் பள்ளிக்கூட வேன் ஏறும், கல்யாணக் கூட்டம் ஏறும். ஆப்கானிஸ்தானில் அந்நியப் படையினரைவிட அந்த ஊர்க் குடியானவர்கள்தாம் இந்தக் குண்டுகளுக்கு அதிகம் இரையானார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு வெடி அன்றாடச் சங்கதி. குழி போட்டு, தோட்டா இறக்கி, சிவப்புக் கொடி காட்டி, ஊதல் ஊதி, ஆளையும் ஆட்டையும் விலக்கிய பிறகுதான் வெடிப்பார்கள். சாலையோரக் குண்டிலும் பெரும்பாலும் அதே குடும்பத்து வெடிமருந்துதான். பீரங்கிக் குண்டு மிச்சமிருந்தால் அது. இல்லாவிட்டால் வயலுக்குப் போடும் அம்மோனியம் நைட்ரேட் உரம். ஆப்கானிஸ்தான் அரசு 2010-இல் அந்த உரத்தையே தடை செய்தது. குவாரி வெடியிலிருந்து அந்த ஊதலை மட்டும் எடுத்துவிட்டால் கண்ணிவெடி.

வெடிக்க வைக்கும் வழிகள் பல. மேலே எடை ஏறினால் வெடிப்பது ஒன்று. தூரத்தில் புதரில் ஒருவன் உட்கார்ந்து கம்பியின் மறுமுனையை இயக்குவது ஒன்று. வானொலி அலையாலோ கைப்பேசியாலோ தூண்டுவது மற்றொன்று. படைகள் ஒன்றுக்கு மருந்து கண்டால் அடுத்தது வரும். வண்டியின் அடிப்பாகத்தை 'வி' எழுத்துப்போலச் சரித்து, வெடியின் வீச்சு இரு பக்கமும் சிதறும்படி செய்தார்கள். குண்டின் எடையைக் கூட்டினார்கள் எதிராளிகள். இந்தப் போட்டியில் மலிவான பக்கம் எது என்று சொல்லத் தேவையில்லை.

சாலையை முதலில் நடந்து பார்ப்பது பொறியாளர் படையின் வேலை. விடியற்காலையில் கருவியும் நாயும் குத்துக்கோலுமாக, அடி அடியாக, மதகு மதகாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவர்கள் 'திறந்துவிட்டோம்' என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும். நம் ஊர்ப் பையன்களுக்கு இந்த வேலை நெருக்கமானது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில், அல்சூர் ஏரிக்கரையில்தான் மெட்ராஸ் பொறியாளர் படையின் மையம் இருக்கிறது. அந்தப் படையினருக்கு ராணுவம் முழுக்க வழங்கும் செல்லப் பெயர் 'தம்பி'. வடநாட்டு அதிகாரியும் தம்பி என்றுதான் சொல்வார். எதிரியின் முள்வேலியையும் கண்ணிவெடி நிலத்தையும் தகர்த்து வழி செய்ய உலகப் படைகளெல்லாம் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ', 1912-இல் இந்தப் படையில் பிறந்ததுதான்.

முகம் பார்க்க முடியாத சாவு

சாவு வீட்டில் நாம் என்ன செய்கிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். குளிப்பாட்டுகிறோம். கோடி போர்த்துகிறோம். வாய்க்கரிசி போடுகிறோம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் 'முகம் பார்க்க' வருகிறார்கள். வந்து சேராதவருக்காக எடுப்பதைத் தள்ளி வைக்கிறோம். சுடுகாட்டிலும் கடைசியாக ஒரு முறை முகத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மூடுவது. எல்லாமே உடம்பைச் சுற்றி, அதிலும் முகத்தைச் சுற்றி அமைந்த காரியங்கள்.

கண்ணிவெடி பறிப்பது முதலில் அதைத்தான். பெட்டி வரும், திறக்க வேண்டாம் என்று உடன் வந்த அதிகாரி தாழ்ந்த குரலில் சொல்வார். மூவண்ணக் கொடி போர்த்தியிருக்கும். மாவட்ட ஆட்சியர் மலர்வளையம் வைப்பார். வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை குனிவார்கள், வானை நோக்கி மூன்று முறை சுடுவார்கள், பியூகிள் ஊதும், கொடியை மடித்து மனைவி கையிலோ தாய் கையிலோ கொடுப்பார்கள். ஒழுங்கும் கண்ணியமும் நிறைந்த சடங்கு. ஆனால் வாய்க்கரிசி போட வாய் எங்கே என்று ஒரு கிழவி கேட்டால் அதற்கு ராணுவ விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.

பெட்டி வருவதே பிற்கால வழக்கம். 1999 கார்கில் போருக்கு முன்பு வரை, களத்தில் இறந்தவர்களைப் பொதுவாக அங்கேயே எரித்துவிடுவார்கள், அல்லது அவரவர் வழக்கப்படி அடக்கம் செய்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தது தந்தி. கொஞ்ச நாள் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியில் உடுப்பு, கைக்கடிகாரம், எழுதி முடிக்காத கடிதம். இந்த மாவட்டக் கிராமங்களில் தந்திக்காரர் சைக்கிள் ஊருக்குள் நுழைந்தாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்ப்பதற்குள் ஒப்பாரி தொடங்கிவிடும். உடல் கிடைக்காதபோது தருப்பைப் புல்லால் உருவம் செய்து எரிக்கச் சாத்திரம் வழி சொல்கிறது. சாத்திரம் தெரியாத வீடுகளில் படத்தை வைத்து, அவன் கட்டிய வேட்டியை வைத்துக் காரியம் செய்தார்கள்.

உடல் இல்லாத துக்கத்துக்கு இந்த மண்ணில் வேறொரு பழக்கமும் இருக்கிறது. அதை யாரும் துக்கம் என்று எண்ணுவதில்லை, திருவிழா என்று எண்ணுகிறார்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் ஊர்களைச் சொல்கிறேன். பதினெட்டாம் நாள் காலையில் படுகளம். திடலில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகக் கிடத்தியிருப்பார்கள். ஒரு ஆள் உயரமல்ல, ஒரு வீட்டு நீளம். பீமன் வேடம் கட்டியவர் தொடையில் அடிப்பார், திரௌபதி கூந்தல் முடிவாள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். தீயவன் செத்தான், வீட்டுக்குப் போகலாம். போக மாட்டார்கள். காந்தாரிக்காக ஒப்பாரி தொடங்கும். சிறு வயதில் என் அத்தை அந்த மண் உருவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து எனக்குக் குழப்பமாக இருந்தது. 'துரியோதனன் கெட்டவன்தானே அத்தை' என்றேன். 'அவனுக்கும் அம்மா இருக்கிறாளே சாமி' என்றாள். பிறகு அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அந்த மண் வீட்டில் இருந்தால் தானியம் நிறையும் என்பது நம்பிக்கை.

படுகளம் என்ற சொல்லிலும் அந்தப் 'படு'தான் இருக்கிறது. கருமாதி இரவில் இந்த வட்டாரத்தில் கூத்து வைத்தால் பெரும்பாலும் கர்ண மோட்சம். கர்ணனும் தோற்ற பக்கத்தில், தவறான பக்கத்தில் நின்றவன்தான். எங்கள் சாவு வீடுகள் அவனுக்காக விடிய விடியக் கண் விழிக்கின்றன.

பாலத்தில் நின்றவர்கள்

கடல் தாண்டிப் பார்ப்போம். 2007 ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு. ஆப்கானிஸ்தானில் கந்தகாருக்கு மேற்கே கனடாப் படையின் கவச வண்டி ஒன்று சாலையோரக் குண்டில் சிக்கி ஆறு வீரர்கள் இறந்தார்கள். மறுநாள், முதல் உலகப்போரில் கனடா பெரிதாகக் கொண்டாடும் விமி முகட்டுச் சண்டையின் 90-ஆம் ஆண்டு நினைவு. பழைய துக்கத்துக்குத் தயாராகி நின்ற நாட்டின் வாசலில் புதிய துக்கம் வந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று இன்னொரு குண்டில் இன்னும் ஆறு கனடா வீரர்களும் அவர்களோடு இருந்த ஆப்கன் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இறந்தார்கள். அந்தப் போரில் கனடா இழந்த படையினர் 158 பேர். அவர்களில் பெரும் பகுதியினரைக் கொண்டுபோனது இப்படிப் புதைத்து வைத்த வெடிதான்.

உடல்கள் ட்ரென்டன் விமானப்படைத் தளத்தில் இறங்கும். அங்கிருந்து 401-ஆம் நெடுஞ்சாலை வழியாக டொரோண்டோவுக்குப் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். யாரும் அழைக்கவில்லை, சாலைக்கு மேலே இருக்கும் பாலங்களில் மக்கள் தாங்களாகவே வந்து நிற்கத் தொடங்கினார்கள். தீயணைப்பு வண்டியோடு ஊழியர்கள், பிள்ளைகளோடு தாய்மார், பழைய பதக்கம் குத்திய கிழவர்கள். குளிரில் மணிக்கணக்கில் நின்று, கீழே வண்டிகள் கடந்துபோகும் சில நொடிகளுக்காகக் கையசைத்தார்கள். 2007-இல் அரசு அந்தச் சாலைக்கு 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயர் சூட்டியது. இங்கிலாந்திலும் இதே போல ஒன்று நடந்தது. லைனம் விமானத் தளத்தை ஒட்டிய வூட்டன் பாசெட் என்ற சிற்றூரின் கடைத்தெரு வழியாகப் பெட்டிகள் போகும்போது ஊர் மக்கள் கடையை விட்டு இறங்கி நடைபாதையில் நின்றார்கள். 2007 முதல் 2011 வரை 345 பேருடைய உடல்கள் அந்தத் தெருவைக் கடந்தன. பிறகு அந்த ஊர்ப் பெயருக்கு முன்னால் 'ராயல்' என்ற அடைமொழியை அரசியார் வழங்கினார்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. டோவர் விமானப்படைத் தளத்தில் இறங்கும் பெட்டிகளைப் படமெடுக்க 1991 முதல் தடை. குடும்பத்தின் தனிமையைக் காக்கத்தான் என்றார்கள் ஆட்சியாளர்கள். பெட்டிகளைப் பார்த்தால் மக்கள் போரைக் கேள்வி கேட்பார்கள் என்ற பயம்தான் என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். 2009-இல், குடும்பம் இசைந்தால் படமெடுக்கலாம் என்று தளர்த்தினார்கள்.

இந்த மூன்று நாடுகளிலும் அந்தப் போர் சரியா என்று கடுமையான சண்டை நடந்துகொண்டிருந்தது. பாலத்தில் நின்றவர்களிலேயே போர் வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள், வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். சாலையில் நிற்பதற்கு அந்த வழக்கு முடிய வேண்டியதில்லை என்பதுதான் அவர்கள் கண்டுகொண்டது. அமெரிக்கர்கள் அதை இன்னும் முன்பே, பெரும் விலை கொடுத்துக் கற்றிருந்தார்கள். வியட்நாம் போரால் நாடே இரண்டுபட்டுக் கிடந்தபோது, 1982-இல் வாஷிங்டனில் ஒரு கறுப்புக் கல் சுவர் எழுந்தது. மாயா லின் என்ற 21 வயது மாணவி வரைந்த வடிவம். வெற்றி, தியாகம், வீரம் என்று பெரிய எழுத்தில் எதுவும் இல்லை. இறந்த தேதி வரிசையில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அவ்வளவுதான். முதலில் பலருக்குக் கோபம் வந்தது, குழி என்று திட்டினார்கள். பிறகு அவர்களே வந்து பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சுவரின் கல் பெங்களூர்ப் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்டது. நம் ஓசூர் எல்லைக்கு அடுத்த வீட்டுக் கல் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நம் வீட்டுத் துக்கம்

இத்தனையும் சொல்லிவிட்டு நம் வாசலைப் பார்க்காமல் இருக்க முடியாது. சுதந்திர இந்தியாவின் படைவீரர்கள் கடல் கடந்த மண்ணில், சாலையில் புதைத்த வெடிக்கு மிகுதியாகப் பலியானது இலங்கையில். 1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை உடன்பாடு கையெழுத்தானது. அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திரும்பும்போது ஏறத்தாழ 1,200 பேர் உயிரோடு இல்லை. மதகுக்கு அடியிலும் சாலைத் திருப்பத்திலும் புதைத்த கண்ணிவெடிகளில் வண்டி வண்டியாகச் செத்தவர்கள் அவர்களில் பலர். அந்தப் போருக்காகப் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர்; 1987 நவம்பர் 25 அன்று, பதுங்கியிருந்து தாக்கியவர்களோடு கைகலந்து இறந்தார்.

மெட்ராஸ் ரெஜிமெண்டிலும் தம்பிகளின் அணிகளிலும் தமிழ் பேசும் பையன்கள் இருந்தார்கள். குண்டு வைத்தவனும் தமிழன், மிதித்தவனும் தமிழன் என்றால் ஒப்பாரியை எந்த வாயால் பாடுவது? இதே காலத்தில் ஈழத்து வீடுகளிலும் இழவு விழுந்துகொண்டிருந்தது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அந்தச் செய்தி பற்றி எரிந்தது. படை திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. ஈழத் தமிழருக்கு நேர்ந்ததே காரணம் என்றார். கோபத்துக்கு நியாயம் இருந்தது. டெல்லிக்கோ, தோற்றுப்போன கொள்கையை நினைவுபடுத்தும் எதையும் கொண்டாட விருப்பமில்லை. 1991-இல் திருப்பெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பிறகு வேறொரு அமைதி வந்து படிந்தது. அதில் எதையும் நிதானமாகப் பேச வழியில்லாமல் போயிற்று.

நடுவில் விழுந்தவர்கள் பென்னாகரத்துக்கோ ஊத்தங்கரைக்கோ வந்த தந்தியைக் கையில் வைத்திருந்த பெண்கள். அன்று கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான். அவர்கள் பிள்ளை எதற்காகச் செத்தான் என்று கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. பாகிஸ்தான் எல்லையில் இறந்திருந்தால் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள், தெருவுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். இலங்கை என்றதும் துக்கம் கேட்க வந்தவரும் வேறு பேச்சுக்கு மாறினார். கெட்டவன் என்று கதை முழுக்கச் சொல்லப்பட்ட துரியோதனனுக்காக ஒரு நாள் முழுக்க அழத் தெரிந்த ஊர்கள் இவை. சொந்தப் பிள்ளைக்கு அழும்போது மட்டும், அந்தப் போர் நியாயமா என்று முதலில் தீர்த்துவிட்டு வா என்றன. பழைய கல்வெட்டுக்காரன் பிரித்து வைத்திருந்த இரண்டு காரியங்களை நாம் ஒன்றாகக் கட்டிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படையினருக்கு இலங்கையில், கொழும்பை அடுத்து, ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது; கட்டியதும் இலங்கைதான். டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டபோதுதான் இலங்கையில் இறந்தவர்களின் பெயர்கள் மற்றப் போர்களில் இறந்தவர்களோடு ஒரே சுவரில் ஏறின. 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு கருங்கல் பலகையில். சுற்றுச் சுவர்களின் அமைப்பு சக்கர வியூகத்தைப் போன்றது. நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்யுவைக் கூத்தில் பார்த்து வளர்ந்த ஒருத்தி அந்த வட்டத்துக்குள் நடந்தால் என்ன நினைப்பாளோ.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, இந்தியப் படைகள் பெருமளவில் போயின. மெட்ராஸ் பொறியாளர் படையும் போயிற்று. அங்கே இறந்து கல்லறை இல்லாமல் போனவர்களுக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. இந்தப் பாகுபாட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021-இல். சாத்தனூர் அணைக்கு அருகில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு; கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப் போய்ப் பட்டான். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது, இருபதாம் நூற்றாண்டில் ஒரு சேலம் ஜில்லாச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

கல் இருந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் இறந்து அவனுக்கு நடுகல் எழுந்தபோது, மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்துப் படைத்தார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் கேட்டது புறநானூற்றில் இருக்கிறது. அந்தக் கல் எங்கே என்று இன்று யாருக்கும் தெரியாது. வேறு நூற்றுக்கணக்கான கற்கள் நிற்கின்றன. எழுத்து படிக்க ஆளில்லாமல் போன பிறகும் ஊரார் அவற்றை வேடியப்பன் என்று அழைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். பட்டவனின் பெயர் மறந்துவிட்டது, படையல் நிற்கவில்லை. இன்றைக்குச் சாவு வீட்டுக்கு ஃபிளெக்ஸ் பேனர் வந்துவிட்டது. நம் வெயிலுக்கு ஒரு கோடை தாங்கும்.

அகழ்வைப்பகத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, அந்தப் பழைய எழுத்தர் இருந்திருந்தால் 1988-இல் இலங்கையில் இறந்த ஒருவனுக்கு எப்படி எழுதியிருப்பார் என்று எழுதிப் பார்த்தேன். ஆட்சியாண்டைக் கணக்குப் பார்க்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

'இராசீவ் காந்தி தலைமை அமைச்சராயிருந்த நான்காவது யாண்டு, ஈழத்துச் சாலையில் வழி பார்க்கப் போன ஞான்று, தகடூர் நாட்டு ……… மகன் ……… கண்ணிவெடியிற் பட்டான் கல்.'

புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் தகப்பன் பெயரும் மகன் பெயரும் வர வேண்டும்.